நிங்குக்காக நான் எழுதிய கடிதம்

1

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் பூப்புனித நீராட்டு விழா. பின்கதவால் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் தாய்மாமன் பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி பனிச் சேற்றுக்குள் வந்து, "அண்ணை, உங்களோடை ஒரு சீனப் பிள்ளை வாறவ. எங்கை, காணேல்லை?" என்று கேட்டார்.

ஊருக்குப் போய்விட்டா என்றேன். ஏன் என்றார். விசா சரிவரவில்லை என்றேன். பாவம் என்றார். பிறகு, கேக் வெட்டும் நேரத்தில் போடுவதற்கு என்ன பாட்டு வைத்திருக்கிறேன் என்று விசாரித்தார்.

நான் சொன்ன இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த விசா சரிவராமல் போனதற்கு நான் எழுதிய கடிதம் ஒரு காரணம். அதை மண்டபத்தின் பின்கதவில் நின்று ஒரு தாய்மாமனுக்குச் சொல்ல முடியாது. வருகிற வெள்ளியோடு அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என்னை ஊரில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அச்சுவேலியில் மைக்செற் ராசன். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். கனடாவுக்கு வந்து முப்பத்து மூன்று வருடம். முதல் நாலு வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு திரும்பவும் மைக்செற். மோர்னிங்சைட்டில் வீடு. கராஜுக்குள் பெட்டிகள் நிற்கின்றன, கார் பனியில் நிற்கிறது. இதற்காகவா கனடா வந்தீர்கள் என்று என் மனைவி வருடத்துக்கு ஒரு முறை கேட்பாள். பெரும்பாலும் முதல் பனி விழும் அன்று கேட்பாள்.

2

நிங் முதல் முறை வந்தது ஒரு சித்திரை மாதம். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு கல்லூரியில் படித்தாள். தமிழ்க் கடையில் மரக்கறி மலிவு என்று வாங்க வந்தவள், கதவில் ஒட்டியிருந்த என் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள். விளம்பரம் முழுக்கத் தமிழ். ஸ்பீக்கர் படமும் தொலைபேசி எண்ணும்தான் அவளுக்கு விளங்கியவை. அவை போதுமாக இருந்தன.

தனக்கு ஒரு சின்னக் குரல் வேண்டும் என்றாள். என்னிடம் உள்ளதெல்லாம் பெரிய குரல் என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் பூங்காவில் நின்று பாடுவதற்குச் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்குக் கேட்கிறாள் என்பது தெரிந்தது. செத்தவீடுகளுக்கு மட்டும் கொடுக்கிற பெட்டி ஒன்று இருந்தது. தேவாரத்துக்கு அளவான சத்தம். அதைக் கொடுத்தேன். அந்தக் கோடை முழுக்க அவள் அதை வைத்துத்தான் பாடினாள்.

எங்கள் பேச்சு இரண்டு வகை உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் இருவருக்கும் மரியாதை இல்லை. ஆகவே அவள் சொன்னவற்றை எங்களுடைய தமிழிலேயே தருகிறேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் உண்மையில் நாலு சொல். மைக்கைச் சரிபார்க்கும்போது நான் சொல்லுகிற "ஒண்டு, ரெண்டு, மூண்டு" மூன்று. நாலாவது "அண்ணை". என்னை எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். திருத்துவதற்கு எனக்குச் சந்தர்ப்பம் வரவில்லை. பிறகு அவளுடைய விசா விண்ணப்பத்திலும் நான் மிஸ்டர் அண்ணை ஆனேன்.

முதல் முறை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது வயரைப் பார்த்தேன். ஒரு சுற்று மேலாலும் ஒரு சுற்று கீழாலுமாகச் சுற்றியிருந்தாள். அப்படிச் சுற்றினால்தான் வயர் முறுகாது. எத்தனையோ பேருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன், ஒருவரும் செய்ததில்லை. ஆர் பழக்கியது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. நான் சுயாதீனப் பாடகி. எனக்கு வயர் சுத்த ஆள் இல்லை" என்றாள்.

சுயாதீனப் பாடகி என்றால் என்ன என்பதை அன்றுதான் அறிந்தேன். பாட்டை எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, பதிவு செய்வது, உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பது எல்லாம் ஒரே ஆள். கம்பெனி இல்லை. முதலாளி இல்லை. வாத்தியக்காரரும் இல்லை. படிப்பு முடிந்து வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் சனி ஞாயிறுகளில் என்னோடு வரச் சொன்னேன். வந்தாள். நாலு வருடம் வந்தாள்.

3

அவளுடைய கதையை நான் நெடுஞ்சாலையில்தான் கேட்டேன். வான் வண்டியை நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். நானூற்றொன்று என்கிற அந்தச் சாலையில் வாகனங்கள் நகராத நேரங்களில் ஒவ்வொரு துண்டாக வந்தது.

தென்மேற்குச் சீனாவில் மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் ஒரு நகரம். தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை நிரப்புகிறவர். இவள் பத்தொன்பது வயதில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். வேலை முடிந்ததும் பாலத்துக்குக் கீழே இருந்த சிறிய மதுக்கடையில் பாடினாள். முதல் இசைத்தட்டை வீட்டு அலுமாரிக்குள் இருந்துகொண்டு பதிவு செய்தாள். உடுப்புகளும் குளிர்ப் போர்வைகளும் தொங்கினால் எதிரொலி வராது. பதிவு செய்யும் நாட்களில் தாய் உடுப்பு எடுக்க வந்தால் காத்திருக்க வேண்டும்.

மூன்று இசைத்தட்டுகள் அப்படி வந்தன. பிறகு ரயில் ஏறி ஊர் ஊராகப் பாடப் போனாள். ஓர் ஊரில் நாற்பது பேர், இன்னோர் ஊரில் அறுபது பேர். பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய முகம் கொஞ்சம் மாறும்.

டிக்கற் வைத்துப் பாடுவதென்றால் பாட்டின் வரிகளை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். பன்னிரண்டு பாட்டுக் கொடுத்தாள். பதினொன்றில் பிரச்சினை இல்லை. பன்னிரண்டாவது தகப்பனைப் பற்றியது. பக்கத்து அறையில் தகப்பன் இருமுகிறார், அவருடைய நெஞ்சுக்குள் தூசி என்று ஒரு வரி. அதிகாரி மரியாதையான ஆள், தேநீர் கொடுத்திருக்கிறார். பாட்டு நன்றாக இருக்கிறது, 'தூசி' என்பதை மட்டும் 'மூடுபனி' என்று மாற்றலாமே, இன்னும் கவித்துவமாக இருக்குமே என்று சொல்லியிருக்கிறார்.

மாற்றினாள். இரண்டு வருடம் தகப்பனின் நெஞ்சுக்குள் மூடுபனி என்று பாடினாள். பிறகு ஒரு மண்டபத்துக்காரர் மின்சாரப் பரிசோதனை என்று சொல்லிக் கடைசி நேரத்தில் மறுத்தார். அடுத்த ஊரிலும் மின்சாரப் பரிசோதனை. ஒரு நாள் காலையில் தொலைபேசியில் பார்த்தபோது இணையத்தில் அவளுடைய பாட்டுகள் எதுவும் இல்லை. அவளுடைய படம் இருந்தது. படத்துக்குக் கீழே வெறும் இடம் இருந்தது.

"ஆரும் வந்து மிரட்டினவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"விசாரணைக்குக் கூப்பிட்டவையோ?"

"இல்லை. எல்லாரும் நல்ல மாதிரித்தான் கதைச்சவை. அதுதான் எனக்கு ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு."

எனக்கு இதில் பெரிய புதுமை தெரியவில்லை. ஊரில் ஒலிபெருக்கி கட்டப் பொலிசில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும். என்ன பாட்டுப் போடுவாய் என்று கேட்பார்கள். பக்திப் பாடல் என்று எழுதிக் கொடுப்பேன். கலியாணத்துக்கும் பக்திப் பாடல், விளையாட்டுப் போட்டிக்கும் பக்திப் பாடல். இதை அவளுக்குச் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தாள். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

4

இங்கே அவளைப் பாடக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் மற்றவர்களுடைய பாட்டைக் கேட்டார்கள். சீனப் புத்தாண்டுக்கு அங்காடிகளில் பழைய பாட்டு. சீனக் கலியாணங்களில் காதல் பாட்டு. அவற்றை நன்றாகப் பாடுவாள். பாடி முடித்ததும் கைகளைக் கழுவிக்கொண்டு வருவாள். ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு தை மாதம், பெரும் பனி. ஒரு சாமத்தியச் சடங்குக்கு, அதுவும் பூப்புனித நீராட்டுத்தான், ஒழுங்கு செய்திருந்த பாடகர் நெடுஞ்சாலையில் அகப்பட்டுவிட்டார். இருநூறு பேர் மண்டபத்தில் இருக்கிறார்கள். பிள்ளை பல்லக்கில் வர வேண்டும். தகப்பன் என்னைப் பார்த்தார். நான் நிங்கைப் பார்த்தேன். அவள் வயரைக் கீழே வைத்துவிட்டுக் கிற்றாரை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு இல்லை. தன்னுடைய பாட்டுகளைப் பாடினாள். மூன்றாவதாக அந்தத் தகப்பன் பாட்டு. சனம் மட்டன் ரோலும் கையுமாக இருந்தது. ஒரு வயதான அன்ரி தட்டோடு என்னிடம் வந்து, "தம்பி, உது என்ன பாட்டு?" என்று கேட்டா. தகப்பனுக்குச் சுகமில்லை என்று ஒரு மகள் பாடுவது என்றேன். அவ கொஞ்ச நேரம் நின்று கேட்டா. "சோகம்தான். ஆனால் பிள்ளை உண்மையாய்ப் பாடுறாள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல் எடுக்கப் போனா. அதற்குப் பிறகு இரண்டு மூன்று குடும்பங்கள் ஸ்பீக்கரோடு சீனப் பிள்ளையையும் கேட்டன. என்ன பாடுவா என்று கேட்டவர்களுக்கு நான் பக்திப் பாடல் என்று சொன்னேன்.

அவளுடைய இசைத்தட்டு ஒன்றை என் கராஜிலேயே பதிவு செய்தோம். பெட்டிகளுக்கு நடுவே பழைய கம்பளங்களைத் தொங்கவிட்டு, ஒரு மாதம். மூன்றாவது பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் மெஷினை ஸ்டார்ட் செய்த சத்தம் விழுந்துவிட்டது. திரும்பப் பாடு என்றேன். வேண்டாம், அன்று அவர் பனி அள்ளியது உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

அப்போது என் மகள் மயூரி விட்பிக்குக் குடிபோய்விட்டாள். அவளுக்கு அங்கே ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை. வருவது குறைந்திருந்தது. தூரம் என்பாள். முப்பது கிலோமீற்றர். சிறு வயதில் தன் பள்ளிக்கூட நண்பர்கள் வரும்போது கராஜ் கதவை மூடிவிடச் சொல்லுவாள். ஒரு ஞாயிறு வந்து, கம்பளங்களுக்கு நடுவே நான் ஹெட்போனோடு இருப்பதைப் பார்த்தாள். அன்று வழக்கத்தை விட ஒரு மணித்தியாலம் கூடுதலாக இருந்துவிட்டுப் போனாள்.

5

நிங்கின் வேலை அனுமதி முடிய ஒரு வருடம் இருந்தபோது நான் அவளுக்கு ஓர் ஆலோசனை சொன்னேன். எங்களுடைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த ஆலோசனைதான். அகதி விண்ணப்பம் போடு.

"என்னை ஒருத்தரும் அடிக்கேல்லை, அண்ணை" என்றாள்.

அடிக்கத் தேவையில்லை, பாட்டை நிறுத்தியதை எழுது, மிச்சத்தை எழுதித் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். மிச்சம் என்றால் என்ன என்று கேட்டாள்.

அவள் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் போனாள். சுயதொழில் செய்யும் கலைஞர்களுக்கென்று ஒரு வகை இருப்பதாக அவர் சொன்னார். துறையைச் சேர்ந்தவர்களிடம் கடிதங்கள் வாங்க வேண்டும். ஆறு கடிதம் வாங்கினாள். ஊரில் மதுக்கடை வைத்திருந்தவர், ஒரு சஞ்சிகைக்காரர், கல்லூரி ஆசிரியர், ஒரு சங்கத் தலைவர், ஒரு அங்காடி மனேஜர், ஒரு வானொலிக்காரர். ஆறு பேரும் அவளை உலகத் தரம் வாய்ந்த கலைஞர் என்று எழுதியிருந்தார்கள். அங்காடி மனேஜர் அந்தச் சொல்லை மூன்று தரம் எழுதியிருந்தார்.

ஏழாவது கடிதத்தை என்னிடம் கேட்டாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ" என்றாள்.

6

தமிழில் எட்டுப் பக்கம் எழுதினேன். மயூரியைக் கூப்பிட்டேன். அவள் ஞாயிறு காலையில் மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தாள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. கேட்டால் விளங்கும், வேகமாக வாசித்தால் விளங்காது. ஆகவே மெதுவாக வாசித்தேன். மகளுக்கு ஏதோ ஒன்றை மெதுவாகச் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது.

எட்டுப் பக்கத்தை ஒரு பக்கம் ஆக்கினாள். மட்டன் ரோல், பனி மெஷின் எல்லாம் போய்விட்டன. கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்தினாள். நான் எழுதியிருந்தது இதுதான். 'நிங் மூன்று வருடத்துக்கு மேலாகச் சனி ஞாயிறுகளில் என்னிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அதில்தான் வாடகை கட்டுகிறார். நான் கண்டவர்களில் வயர் சுற்றுவதற்கு அவரைப் போல ஒருவர் இல்லை.'

"அப்பா, உதை எடுக்கவேணும்" என்றாள்.

ஏன் என்றேன்.

"அவை கேக்கிறது செல்ஃப் எம்ப்ளோய்ட். நீங்கள் அவ உங்கடை எம்ப்ளோயி எண்டு எழுதியிருக்கிறியள். திஸ் வில் ஹேர்ட் ஹேர், அவவுக்குத்தான் பாதிப்பு."

"அது உண்மைதானே."

"ட்ரூதான். பட் எழுதத் தேவையில்லை."

எழுதத்தான் வேண்டும் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். மயூரி மடிக்கணினியை மூடிவிட்டு, ஏன் இந்த ஒரு வசனத்துக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டாள். அப்போதுதான் நான் அவளுக்கு பார்க்டேல் கதையைச் சொன்னேன். மனைவிக்கும் அது பாதிதான் தெரியும்.

வந்த புதிதில் நாங்கள் ஏழு பேர் பார்க்டேலில் ஓர் அறையில் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதித் தருகிற ஒருவர் மேல் மாடியில் இருந்தார். கெட்டிக்காரர், நல்ல மனிதர். அவர் எழுதிய என் கதையில் எனக்கு நடக்காத இரண்டு விஷயங்கள் இருந்தன. நடந்த ஒரு விஷயம் இல்லை.

இல்லாமல் போனது இது. சண்டை நெருங்கி வந்த ஒரு நாள், துவக்கோடு வந்த சிலர் என்னை ஒரு வான் வண்டியில் ஏற்றி, ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார்கள். எல்லாரும் வீடுகளை விட்டு வெளியேறி வடக்குப் பக்க வீதியால் போக வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஊருக்கு என் குரல் பழக்கம். திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை அறிவித்த குரல். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் பதுங்கு குழிக்குள்ளேயே இருப்பதாக இருந்தது. ராசனே சொல்லுகிறான் என்று வெளியே வந்து வடக்குப் பக்கம் போனார்கள். அந்த வீதியில்தான் ஷெல் விழுந்தது. தாயும் தகப்பனும் ஒரு மகளும் முடிந்துபோனார்கள்.

அதையும் எழுதுங்கோ என்று மேல்மாடிக்காரரிடம் சொன்னேன். வேண்டாம், யார் அறிவிக்கச் சொன்னது, நீ ஏன் சொன்னாய் என்று கேள்வி வரும், வழக்குக் கெட்டுப்போகும் என்றார். விட்டுவிட்டேன். விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. நடக்காத இரண்டு விஷயங்களைப் பற்றியும் அதிகாரி மிகவும் அனுதாபத்தோடு கேட்டார். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

மயூரி, "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"நீ கேக்கேல்லை" என்றேன். அது சரியான பதில் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அவள் கணினியைத் திறந்து அந்த வசனத்தை நான் சொன்னபடியே தட்டினாள். வயர் சுற்றுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொல் தேடி எடுத்துப் போட்டாள். நான் கையொப்பம் வைத்தேன்.

7

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிங் அதைத் தொலைபேசியில் திறந்து வானுக்குள் என்னிடம் நீட்டினாள். இரண்டு பக்கம். மரியாதையாக எழுதியிருந்தார்கள். திரு. அண்ணை என்பவரின் கடிதத்தின்படி விண்ணப்பதாரரின் பிரதான வருமானம் ஒலிச்சாதனம் வாடகைக்கு விடும் நிறுவனமொன்றில் செய்யும் ஊழியத்திலிருந்து வருகிறது, ஆகவே அவர் கலைத்துறையில் சுயதொழில் செய்பவர் என்று திருப்தியடைய முடியவில்லை.

ஒலிச்சாதன நிறுவனம் என்பது என் கராஜ்.

பதினொரு வருடமாகத் தன்னைச் சுயாதீனப் பாடகி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, நீ சுயமாக இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஆதாரம் என் கையொப்பம். நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அடுத்த மண்டபத்துக்கு நெடுஞ்சாலையின் எந்த வெளிவாசலால் இறங்க வேண்டும் என்று கேட்டாள்.

ஆலோசகர் திரும்பவும் போடலாம் என்றார், ஆனால் வேலை அனுமதி அதற்குள் முடிந்துவிடும். ஆறு வாரம் இருந்தது. என் மனைவி, "உங்களை ஆர் உதையெல்லாம் எழுதச் சொன்னது?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அதோடு நிங்குக்கென்று ஒவ்வொரு வாரமும் சோறும் கறியும் கட்டித் தரத் தொடங்கினாள். மயூரிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நான் முதலே சொன்னேன் என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நிங்கிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் எடுக்கச் சொன்னதும், நான் பிடிவாதமாக விட்டதும் அவளுக்குத் தெரியாது. ஆங்கிலம் தெரியாத ஆள், விளங்காமல் எழுதிவிட்டார் என்று அவள் நினைத்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படியே நினைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

8

போவதற்கு முன் தன்னுடைய பாட்டுகள் மட்டும் பாடி ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்றாள். ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை ஞாயிறு பின்னேரத்துக்கு எடுத்தோம். பராமரிப்பாளர் ஒரு படிவம் தந்தார். நிங் தன் பையிலிருந்து ஒரு கட்டுக் கடதாசி எடுத்து அவரிடம் நீட்டினாள். பன்னிரண்டு பாட்டின் வரிகள், ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாள். இது எதற்கு என்று அவர் கேட்டார். பாட்டின் வரிகள் என்றாள். அவர் முதல் பக்கத்தைக் கொஞ்சம் வாசித்தார். நல்லது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பிப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும், அது மட்டும் முக்கியம் என்றார்.

நாற்பது பேர் வரை வந்தார்கள். பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள், மாணவர்கள். சாமத்தியச் சடங்குக் குடும்பம் ஒன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தது. மனைவி வந்தாள். மயூரி விட்பியிலிருந்து வந்து, கேட்காமலே கதிரைகளை அடுக்கினாள்.

அந்தத் தகப்பன் பாட்டை நான் அதுவரை ஐம்பது தரமாவது கேட்டிருப்பேன். பொருள் சொல்லித் தெரியும், சொற்கள் தெரியாது. ஆனால் எந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று என் கைக்குத் தெரியும். மூடுபனி என்கிற சொல் 'வூ' என்று வரும். வட்டமான சத்தம், மைக்குக்கு நல்லது. அந்த இடத்தில் நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அன்று அந்த இடம் வந்தது. ஸ்பீக்கர் சீறியது. 'ச்சென்' என்று ஒரு கூர்மையான சத்தம். என் விரல் தானாகவே கீச்சுச் சத்தத்தைக் குறைக்கும் திருகுக்குப் போய்விட்டது. பிறகுதான் விளங்கியது. அவள் தூசி என்று பாடியிருக்கிறாள். கையை எடுத்து மடியில் வைத்தேன். அந்த வரி நாலு தரம் வரும். நாலு தரமும் ஸ்பீக்கர் சீறியது. நான் விட்டுவிட்டேன்.

சனத்தில் ஒருவரும் அசையவில்லை. பாட்டு எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாரும் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் தரையில் இருந்து வயர் சுற்றினோம். அவள் மேடைப் பக்கத்திலிருந்து, நான் ஒலி மிக்சர் பக்கத்திலிருந்து. நடுவில் சந்தித்தபோது சொன்னேன். அந்த வசனத்தை மகள் எடுக்கச் சொன்னாள், நான்தான் எடுக்க விடவில்லை, விளங்கித்தான் எழுதினேன்.

அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "ஆலோசகரும் எடுக்கச் சொன்னவர். வாசிச்சுப்போட்டுத்தான் நான் அனுப்பினனான்."

ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன்.

"மற்ற ஆறு கடிதத்திலையும் உலகத் தரமான பாடகி ஒருத்தி இருந்தா. அவவை எனக்குத் தெரியாது. உங்கடை கடிதத்திலைதான் நான் இருந்தன். அதை எடுத்துப்போட்டு விசா கிடைச்சால், அது ஆருடைய விசா?"

நான் அவளுடைய வயரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

9

அந்த வெள்ளிக்கிழமை அவளை விமான நிலையத்தில் விட்டேன். இப்போது தன் ஊரில் வாத்தியக் கடையொன்றில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடைக்குள்ளேயே முப்பது பேருக்குப் பாடுகிறாள். டிக்கற் இல்லை. டிக்கற் இல்லாதபடியால் வரிகளைக் கொண்டுபோய்க் காட்டத் தேவையில்லையாம். தகப்பன் முன்வரிசையில் இருப்பாராம். இருமல் வந்தால் எழும்பி வெளியே போய் இருமிவிட்டுத் திரும்பி வந்து இருப்பாராம். அவர் உள்ளே இருக்கும்போது அந்தப் பாட்டைத் தான் பாடுவதில்லை என்று எழுதியிருந்தாள்.

அவள் போன பிறகு எனக்கு வேலை கூடிவிட்டது. வயர்கள் முறுகிப்போய்க் கிடக்கின்றன. ஆனால் அவள் தரையில் இருந்து கேட்ட கேள்வி என்னோடேயே இருந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முதல் இந்த நாடு உள்ளே விட்டது யாரை என்று வானுக்குள் தனியாகப் போகும்போது யோசிப்பேன். நடக்காத இரண்டு விஷயங்கள் நடந்த ஒருவரை விட்டார்கள். அவரை எனக்கும் சரியாகத் தெரியாது. குடியுரிமை அட்டையில் இருப்பது என் படம்.

என் குரலைக் கேட்டு வடக்கு வீதியால் போன அந்தக் குடும்பத்தில் மூத்த மகன் அன்றைக்கு ஊரில் இல்லை. படிக்கக் கொழும்புக்குப் போயிருந்தான். இப்போது நோர்வேயில் இருப்பதாக அறிந்தேன். அவனுக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். மயூரிதான் இணையத்தில் தேடி முகவரி எடுத்துத் தந்தாள். என்ன எழுதப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

பதினொரு பக்கம் எழுதினேன். அன்று வானில் யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லச் சொன்னார்கள், நான் எத்தனை தரம் சொன்னேன், அவனுடைய தகப்பன் படலையடியில் நின்று என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன மறுமொழி சொன்னேன் எல்லாம். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே போடுவதென்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் போட்டேன். பிறகு வெட்டி முதல் பக்கத்தில் போட்டேன்.

அனுப்பி மூன்று கிழமை. இன்னும் பதில் இல்லை. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். வேலை இல்லாத நாட்களில் அந்த நேரத்துக்கு நான் கராஜ் வாசலில் பனி அள்ளிக்கொண்டு நிற்கிறேன்.